இரண்டாம் ஓலைக்கு வந்த தடை

“யாரும் கேக்கல, யாரும் கண்டுபுடிக்கல. நீயா போயி தப்பு பண்ணிட்டேன்னு ஊரு ஒலகத்துக்கே எழுதிட்டு வந்து உக்காந்துக்கினு இருக்கியே, இன்னாடி கேடு உனுக்கு?”

“ம்மா, மெதுவா பேசு. பக்கத்து வூட்டுக்குக் கேக்குது.”

“கேக்கட்டும். இந்த வூட்ல அவங்களுக்குத் தெரியாதது இன்னா இருக்குது?”

உபகாரமேரி சொன்னதில் தப்பில்லை. எங்கள் அடுக்களைக்கும் அவர்கள் கூடத்துக்கும் நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர். கட்டியவன் பூச்சையும் மிச்சம் பிடித்திருந்தான். நான் அடுப்பைத் தணித்து வைத்தேன். குக்கர் விசில் நடுவில் வந்து ஒரு வாக்கியத்தைத் தின்றுவிட்டால் அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து அப்போதுதான் எல்லோரும் வீடு திரும்பியிருந்தோம். பூசையில் உபகாரமேரியின் மகள் ஷைனிக்கு இரண்டாம் ஓலை வாசித்திருந்தார்கள். எங்கள் கோயிலுக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது என்று சாமியார் பீடத்திலிருந்து வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார். கடமைப்பட்டவர்கள் எங்களில் நிறையப் பேர் உண்டு. சாமியாரிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

ஷைனி விஷயத்தில் செருப்படியில்கூட யாருக்கும் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. முப்பதை எட்டப்போகும் பெண், அதிலும் படிப்பு முடியாத பெண் என்பதைத் தவிர. படிப்பு முடியாமல் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

அவள் என்ன படித்தாள் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வரும், ஒன்றும் மற்றதோடு ஒத்துப்போகாது. அவளே என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். ஜெனீவா பக்கத்தில் பூமிக்கடியில் வட்டமாக ஒரு சுரங்கம். சுற்றளவு இருபத்தேழு கிலோமீட்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய்த் திரும்பி வருவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் புரோட்டான் என்ற கண்ணுக்குத் தெரியாத தூள்களை இரண்டு பக்கமிருந்தும் விரட்டி, நேருக்கு நேர் மோத விடுகிறார்கள். மோதுகிற வேகத்தில் எப்போதாவது ஒரு தடவை ஹிக்ஸ் என்ற துகள் பிறக்கிறது. பிறந்ததும் செத்துவிடுகிறது. கண் இமைக்கும் நேரம் என்று சொல்லிவிட முடியாது. இமைக்கிற நேரம் அதற்கு யுகம். அது உடைந்து இரண்டு பிள்ளைகள் வருகின்றன, அதற்கு டௌ என்று பேர். அந்தப் பிள்ளைகளும் நிலைப்பதில்லை, அவையும் உடைந்து பேரப்பிள்ளைகளாகச் சிதறி ஓடுகின்றன. கருவியில் பதிவது இந்தப் பேரப்பிள்ளைகளின் கால்தடம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு, இது ஹிக்ஸ் வம்சமா, வேறு வம்சமா, அந்தத் தாத்தா எந்த வழியில் பிறந்தார், எந்த வழியில் போய்ச் சேர்ந்தார், இப்படி எத்தனை தாத்தா என்று கணக்கெடுக்க வேண்டும். அதுதான் அவள் வேலை.

“இத நாங்க தெருவுல சும்மா செஞ்சிக்கினு இருக்கோம்மா” என்றேன். சிரித்தாள். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்தது குறைவு.

இதில் உபகாரமேரிக்கு ஒரு தீராத சந்தேகம் இருந்தது. ஹிக்ஸ் எத்தனை பிறக்க வேண்டும், எப்படிச் சாக வேண்டும் என்று கொள்கை முன்னமே சொல்லிவிட்டதாம். ஷைனி அளந்து பார்க்கிறாள். வந்ததைச் சொன்னதால் வகுப்பாளாம்; சொன்னதுபோலவே வந்தால் விடை ஒன்று. கூடுதலாக வந்தால் ஒன்றுக்கு மேலே, குறைந்தால் கீழே. “சொன்ன மாதிரியே வரும்னு தெரிஞ்சும் அஞ்சு வருசமா அளக்குறாளே, இது இன்னா வேல?” என்று என்னிடம் கேட்பாள். எனக்கென்ன தெரியும். குழந்தை சாப்பிட்டிருக்கும் என்று தெரிந்தும் தினம் போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லையா, அதுபோல இருக்கும் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு வருஷம் ஜெனீவாவில் இருந்தாள். உதவித்தொகை நின்றதும் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அங்கிருக்கும் தரவை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தூங்கி எழுந்து, அவர்கள் நேரத்துக்கு வேலை. துணி காயப்போட மாடிக்குப் போனால் ஜன்னலுக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் “முடிஞ்சிடும் அத்த” என்பாள். எப்போது என்று சொல்ல மாட்டாள்.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. முறையெல்லாம் சரி என்று பெரியவர்கள் ஒப்புக்கொள்கிற வரை, விடை இருக்கிற பகுதியை மூடியே வைத்திருக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பதுபோல. ஏனென்றால் விடை தெரிந்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம். பிடித்த விடை வரும்வரை திருத்துவோம், வந்ததும் நிறுத்திவிடுவோம். எவ்வளவு யோக்கியமானவர்களும் அப்படித்தானாம். மனிதரைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிற படிப்பு வீண் போகாது என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. திறந்த பிறகு எதையும் தொடக்கூடாது. தொட்டால் முதலிலிருந்து எல்லோரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் முன்னால் திறந்தார்கள். விடை ஒன்று. ஒரு நூல் இப்படி அப்படி. உபகாரமேரி எங்கள் வீட்டுக்குக் கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். “ஒண்ணு வந்திடுச்சாம்” என்றாள். பேரப்பிள்ளை பிறந்தால்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

கேசரிக்குக் காரணம் துகள் இல்லை. மாப்பிள்ளை.

மாப்பிள்ளை பெயர் டென்னிஸ். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஆய்வுக்கூடத்தில் வேலை, கரும்புச்சாற்றின் சர்க்கரை அளவு பார்ப்பது. அமைதியான பையன். அரவைக் காலத்தில் ஷிப்ட் முடிந்து வந்தால், நின்றபடியே தூங்குவான்போல இருக்கும். ஷைனியைவிட இரண்டு வயது பெரியவன். இவ்வளவு படித்த பெண்ணுக்கு ஏன் ஆலைக்காரன் என்று தெருவில் கேட்டோம்தான். உபகாரமேரியிடம் பதில் தயாராக இருந்தது: கூட வருகிறேன் என்று சொன்ன ஒரே பையன் அவன்தான். ஷைனிக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஏப்ரலில் சேர வேண்டும். ஆனால் அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்திருக்க வேண்டும், ஆய்வேட்டைக் கொடுக்க இந்த அளவீடு குழுவில் நிறைவேறியிருக்க வேண்டும். டென்னிஸ் ஆலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். கல்யாணத்தைத் தவக்காலத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும். சாம்பல் புதன் வந்துவிட்டால் எங்களில் ஈஸ்டர் வரை கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்து வைத்தால் ஜெர்மனி காத்திருக்காது. ஆகவே பிப்ரவரி. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த பாத்திரம்போல எல்லாம் நின்றது. அடியில் இருந்தது அந்த ஒன்று.

பொங்கல் முடிந்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். அதே வாரம் ஷைனியின் அளவீட்டையும் அவர்கள் குழுவில் சுற்றுக்கு விட்டார்கள். மூவாயிரம் பேர் இருக்கிற குழுவாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், குறை தெரிந்தால் இரண்டு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். “நம்ம ஓலை மாதிரிதான்” என்று அவள் அப்பா மைக்கேல்ராஜ் சொன்னார். அவர் வெள்ளிமலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார். வாரம் முழுக்க மலையில். சனிக்கிழமை பஸ் பிடித்துக் கீழே வந்து, சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு, ஞாயிறு சாயங்காலம் மறுபடி ஏறிவிடுவார். அவர் சிக்கனமாகப் பேசுகிறவர்.

புதன்கிழமையே போர்ச்சுகலிலிருந்து யாரோ ஒருவர் ஒரு கேள்வி அனுப்பினார். பெரிய கேள்வி இல்லை. அந்தச் சுரங்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு மோதல் என்று நடப்பதில்லையாம். பொங்கலுக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டுபோல ஒன்றின் மேல் ஒன்று விழுமாம். அந்த நெரிசலுக்கென்று கணக்கில் ஒரு திருத்தம் போடுவார்கள். அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தீர்களா, எவ்வளவு மாறுகிறது என்று கேட்டிருந்தார். ஷைனி, பார்த்தோம், பெரிதாக மாறவில்லை என்று பதில் எழுதினாள். எழுதிவிட்டு, வெறும் வாயால் சொல்வானேன், ஒரு படமும் வைத்து அனுப்பலாம் என்று அந்தக் கணக்கை ஓடவிட்டாள்.

மாறியது.

ஏன் என்று தேடினாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு ஏறியபடியே இறங்கிவந்தது. நவம்பரில் குழுவின் பொதுக் கணக்குநிரலைப் புதுப்பித்திருந்தார்கள். இனிமேல் நெரிசல் திருத்தத்தை அதுவே போட்டுவிடும், நீங்கள் யாரும் தனியாகப் போட வேண்டாம் என்று எல்லோருக்கும் அறிவிப்பு வந்திருந்தது. அந்த அறிவிப்பு வந்த நாள் ஷைனிக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, டென்னிஸின் பெரியம்மாக்கள் ஏழு பேருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷத்தில் அவள் மெயில் பார்க்காத நாள் அது ஒன்றுதான். நிரல் ஒரு தடவை போட்டது, பழக்கதோஷத்தில் இவள் ஒரு தடவை போட்டாள். மாமியாரும் மருமகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் குழம்புக்கு உப்புப் போட்ட கதை. வினோதம் என்னவென்றால், இந்தக் குழம்பு கரிக்கவில்லை. எல்லோரும் எதிர்பார்த்த ருசியில் வந்துவிட்டது. அதனால்தான் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை தன் பேராசிரியர் வீரமணிக்குப் போன் போட்டாள். சென்னையில் இருக்கிறவர். அவர், சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் நாளைக்குச் சொல்லலாம், இன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை என்றாராம். மறுநாள் விடிந்ததும் ஷைனி மூவாயிரம் பேருக்கும் எழுதிப் போட்டாள். இதில் பிழை இருக்கிறது, பிழை என்னுடையது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. பிறகு தலை வாரி, புடவை கட்டி, அம்மாவோடு பூசைக்கு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதைக் கேட்டாள். ஆமென் சொன்னாளா என்று நான் கவனிக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள். அப்போது தொடங்கியதுதான் சுவர் தாண்டி வந்த சத்தம்.

உபகாரமேரியின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கட்டுரையில் மூவாயிரம் பேர் பெயரும் அகரவரிசையில் வரும், அதில் எங்கேயோ ஒரு மூலையில் ஷைனி பெயர். அப்படியென்றால் பழியும் மூவாயிரம் பங்குதானே? அவள் பங்குக்கு ஒரு துளி வருமா?

“அவங்க யாரும் பாக்கலம்மா. நான் பாத்துட்டேன்” என்றாள் ஷைனி.

“பாத்தா இன்னா? சரி பண்ணா எவ்ளோ மாறும், அதச் சொல்லு.”

“கொஞ்சம் கம்மியாவும். இவ்ளோதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது, சந்தேகம் ஜாஸ்தியாவும்.”

“கொஞ்சம்தானே. கொஞ்சத்துக்கு எதுக்குடி இவ்ளோ? ஜெர்மனி போயி வேலைல குந்திக்கினு அப்புறமா பொறுமையா சொல்லேன், இப்ப இன்னா அவசரம்?”

இதற்கு ஷைனி சொன்ன பதிலைத்தான் நான் அப்படியே வைத்திருக்கிறேன். சத்தியம், தர்மம் என்று ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“எனக்கு முடியலம்மா. ஒரு பொய்ய வச்சி காப்பாத்திக்கினு திரியறதுக்கு ஒடம்புல தெம்பு வேணும். எனக்கு இல்ல. இத்தன வருசத்துல எல்லாம் காலியாயிடுச்சி.”

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மைக்கேல்ராஜ்தான் பேசினார். இதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம், கல்யாணம் பாட்டுக்கு நடக்கட்டுமே என்றார். உபகாரமேரிக்குக் குரல் ஏறிவிட்டது. அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டான், இவளுக்கு வேலை இல்லாமல் போகப்போகிறது, கட்டிக்கொண்டு இரண்டு பேரும் எங்கே குந்துவார்கள், உங்கள் ஆஸ்டல் பிள்ளைகளோடு வரிசையில் தட்டேந்தி நிற்பார்களா என்றாள். அவர் மடித்த சட்டையை மறுபடி விரித்து இஸ்திரி போட்டாராம்.

அதன் பிறகு உபகாரமேரி செய்த காரியம் இருக்கிறதே, அதை அவளால் மட்டும்தான் செய்ய முடியும். போனை எடுத்து, டென்னிஸின் அம்மாவைக் கூப்பிட்டு, அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். சம்பந்தி என்றால் ஒரு பயம் இருக்கும், அந்தம்மா இரண்டு அதட்டுப் போட்டால் ஷைனி எழுதினதைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று கணக்கு. மூவாயிரம் பேருக்குப் போன மெயிலை எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசிக்கவில்லை. அந்தம்மா ஷைனியை அதட்டவில்லை. சரிங்க, டென்னிஸு வந்ததும் பேசறங்க என்று சொல்லி வைத்துவிட்டாளாம். மரியாதை கூடினால் என்ன பொருள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

டென்னிஸ் சாயங்காலமே வந்தான். ஷிப்ட் முடிந்த கையோடு, ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் சிக்கி நின்று வந்தானாம்; சட்டையெல்லாம் காய்ந்த கரும்புச் சோகைத் தூசி, உடம்பில் வெல்லப்பாகு வாசனை. உபகாரமேரி காபி போட உள்ளே போனாள். மைக்கேல்ராஜ் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டார். அவர் பஸ்ஸை விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் வந்து உட்கார்ந்ததும், மாடிக்குப் போய்ப் பேசுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கூடத்திலேயே பேசினார்கள்.

“சரி பண்ணா, கொள்கை தப்புன்னு ஆயிடுமா?” என்றான் டென்னிஸ்.

“ஆவாது. அப்பவும் ஒத்துதான் போவும்.”

“அப்போ ரெண்டு வெதத்துலயும் சரிதான்.”

“ஆமா.”

“இதுக்கு எவ்ளோ நாள் ஆவும்?”

“எட்டு மாசம். ஜாஸ்தியும் ஆவலாம். எல்லாத்தையும் மறுபடி மூடிட்டு மொதல்லேருந்து வரணும்.”

டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“நீங்க லேப்ல தப்பா வந்த ரீடிங்க அப்படியே எழுதிட்டுப் போவீங்களா?” என்று ஷைனி கேட்டாள்.

“மாட்டேன். திரும்பப் பாப்பேன். ஆனா அது அர மணி நேர வேல ஷைனி.”

குற்றம்சாட்டுகிற குரல் இல்லை அது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

“நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல” என்றான் பிறகு. “மூவாயிரம் பேருக்குச் சொன்ன. எனக்கு எங்கம்மா போன் பண்ணித் தெரியுது.”

“உங்ககிட்ட சொல்லியிருந்தா தடுத்திருப்பீங்க.”

“தடுத்திருப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சி, சரி அனுப்புன்னு நானே சொல்லியிருப்பனோ இன்னாவோ. அது இப்ப எனக்கே தெரியாமப் போச்சு பாரு.”

சுவரின் இந்தப் பக்கம் குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தபோதுதான் எனக்கு அடுப்பு நினைவே வந்தது.

போகும்போது மைக்கேல்ராஜிடம், “வரேன் மாமா” என்றான். உபகாரமேரியிடம், “காபி நல்லாருந்துச்சு அத்த” என்றான். பாதிதான் குடித்திருந்தானாம்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அடுத்த ஞாயிறு சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டு, ஞாயிறு பள்ளி ஆண்டுவிழா அறிவிப்புக்குப் போய்விட்டார். கோயிலில் முந்நூறு தலை இருந்திருக்கும், முந்நூறும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது. வெளியே செருப்படியில் பல காரணங்கள் அலசப்பட்டன. பெண்ணுக்கு வெளிநாட்டில் யாரோ இருக்கிறார்கள் என்பது முதல், மாப்பிள்ளைக்கு வலிப்பு என்பது வரை. உண்மைக் காரணத்தைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. தன் வேலைக்குத் தானே தடை சொல்கிற ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள். மூன்றாவது பெஞ்சில் இருக்கிறாள் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தவக்காலம் வந்தது. டென்னிஸின் ராஜினாமாவை ஆலையில் திருப்பித் தந்துவிட்டார்கள். அரவை நடக்கும்போது ஆள் கிடைப்பது கஷ்டம். ஈஸ்டருக்கு அப்புறம் பார்க்கலாம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவன் இரண்டு தடவை வந்தான். ஒரு தடவை ஷைனி கூட்டத்தில் இருந்தாள், கம்ப்யூட்டரில். அவன் கீழே ஒரு மணி நேரம் டிவி பார்த்துவிட்டுப் போனான். இன்னொரு தடவை இரண்டு பேரும் கோமுகி அணைக்குப் போய் வந்தார்கள். தண்ணீர் இறங்கிக் கிடந்ததாம். என்ன பேசினார்கள் என்று உபகாரமேரிக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும். சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் கல்யாணம் நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். இரண்டு பேரும் களைத்துப் போயிருந்தார்கள், ஒருவர் முகத்தைப் பார்த்தால் இன்னொருவருக்குத் தன் களைப்பு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

ஈஸ்டர் முடிந்தது, கல்யாணப் பேச்சை இரண்டு வீட்டிலும் யாரும் மறுபடி எடுக்கவில்லை. ஜெர்மனி வேலை சிலி நாட்டுக்காரர் ஒருவருக்குப் போயிற்று.

ஷைனி மறுபடி எல்லாவற்றையும் மூடிவைத்து, நிரலை வரி வரியாகப் பார்த்து, திருத்தத்தை ஒரே தடவை போட்டு, ஒவ்வொரு படியாக அனுமதி வாங்கினாள். பிழையை வெளியே சொன்னதற்காகக் குழுவில் நிறையப் பேர் பாராட்டி எழுதினார்களாம். பாராட்டியவர்களே இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணையும் நான்கு முறை கேட்டார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் திறந்தார்கள். விடை ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. முன்பைவிட ஐயம், அந்த இப்படி அப்படி, அகலமாக இருந்தது. ஒன்று என்ற எண்ணும் அந்த அகலத்துக்குள்தான் இருந்தது. அதாவது கொள்கை சொன்னது சரி. உபகாரமேரி கேசரி செய்யவில்லை. “அதேதானாம்” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குள் மே மாதத்திலேயே டென்னிஸுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. பெண் பிரின்சி, இங்கே கள்ளக்குறிச்சியில் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் பங்குதான், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்தவள், ஆகவே ஓலை எங்கள் கோயிலிலேயே வாசித்தார்கள். முதல் ஓலைக்கு உபகாரமேரி வந்திருந்தாள். பெயர் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், எழுந்து போகவில்லை. இரண்டாம் ஓலைக்கும் வந்தாள். மூன்றாம் ஓலைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்றார்கள். அன்றைக்கு மத்தியானம் அவள் துணி துவைத்துக் காயப்போடுவதைப் பார்த்தேன். கேட்கவில்லை. எனக்கும் சில விஷயங்கள் கேட்காமல் விடத் தெரியும்.

டென்னிஸும் பிரின்சியும் ஆலைக் குடியிருப்பில் இருக்கிறார்கள். பெண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு எங்கள் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டார்கள், ஒரு வீட்டைத் தவிர. அந்த வீட்டுக்கு டென்னிஸ் மட்டும் தனியாக வந்து, மைக்கேல்ராஜிடம் சொல்லிவிட்டுப் போனான். இவர்கள் போகவில்லை.

ஷைனி ஆய்வேட்டைக் கொடுத்து முடித்து, போலந்தில் ஒரு சின்ன வேலைக்குப் போனாள். இரண்டு வருஷ வேலை, சம்பளம் ஜெர்மனியில் சொன்னதில் பாதி. அங்கேயும் ஹிக்ஸ்தான், இப்போது வேறு வகைச் சாவு. கல்யாணம் ஆகவில்லை. ஆனது என்று செருப்படியில் ஒரு பேச்சு உண்டு, நான் விசாரித்துவிட்டேன், இல்லை.

உபகாரமேரி போன ஜூனில் வீட்டை ஒரு வங்கிக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, புருஷனோடு வெள்ளிமலைக்கே குடிபோய்விட்டாள். வாத்தியார் குடியிருப்பு, இரண்டு அறை, குளிருக்குச் சாயங்காலமே கதவைச் சாத்திவிட வேண்டுமாம். போனுக்கு அங்கே வீட்டுக்குள் சிக்னல் எடுப்பதில்லை. ஷைனி கூப்பிடுகிற நாளில் உபகாரமேரி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி நின்று பேசுகிறாள், முழங்கால் வலியோடு. போன மாதம் கீழே வந்தபோது, அவ்வளவு உயரம் ஏறி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டேன்.

“இன்னா பேசறது. சாப்ட்டியான்னு கேப்பேன், சாப்ட்டேன்னு சொல்லுவா. எறங்கிடுவேன்” என்றாள்.